காரைத் திருப்பினால் 'கர-கர' சத்தம்! கோளாறு எங்கே? கண்டுபிடிப்பது எப்படி?

விழுப்புரம்-

காரைத் திருப்பும்போது மட்டும் 'கர-கர' என்று சத்தம் வருகிறதா? நேராக ஓட்டினால் சத்தம் நின்று விடுகிறதா? அப்படியானால் சக்கரத்தின் பக்கம் ஏதோ ஒன்று தேய்கிறது, அல்லது உரசுகிறது என்று அர்த்தம்.

சில சத்தத்துக்கு செலவு ஒரு டீக்காசு. சில சத்தத்தை விட்டு வைத்தால் ஆளையே தூக்கி விடும்!

எது டீக்காசு சத்தம், எது ஆளைத் தூக்கும் சத்தம் என்பதை, பெரும்பாலும் காதால் கேட்டே பிரித்து விடலாம். பட்டறைக்குப் போகும் முன்பே கார்க்காரர் இதைச் செய்யலாம்.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

திருப்பத்தில் வெளிப்படும் குட்டு

திண்டிவனம் என்றாலே திருப்பம்தான். சென்னையில் இருந்து வரும் வண்டி இங்கேதான் பிரிகிறது. புதுச்சேரிக்கு ஒரு ரோடு. செஞ்சி, திருவண்ணாமலைக்கு ஒரு ரோடு. மரக்காணத்துக்கு ஒரு ரோடு. விழுப்புரம், திருச்சிக்கு ஒரு ரோடு.

விழுப்புரமும் சளைத்தது அல்ல. ரெயில்வே ஜங்ஷன். நான்கு முனை சந்திப்பு. 1975-ம் ஆண்டு தொடங்கிய தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகத்துக்கு தலைமையிடமாக இருந்ததும் இதுதான். சக்கரத்தை நம்பியே வளர்ந்த ஊர் என்று சொல்லலாம்.

இரண்டு ஊருக்கும் இடையே சுமார் 40 கி.மீ. தூரம். நாலுவழிச் சாலை. ஸ்டீயரிங்கை அதிகம் அசைக்காமலே வந்து சேர்ந்து விடலாம். அதனால் பல கோளாறுகள் வழியில் வாயே திறப்பதில்லை. ஊருக்குள் நுழைந்து, விழுப்புரம் நேருஜி ரோட்டிலோ, திண்டிவனம் நேரு வீதியிலோ காரை ஒடித்துத் திருப்பும்போதுதான் குட்டு உடைகிறது.

ஏன் திருப்பும்போது மட்டும்?

கார் வளையும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். உள்பக்கச் சக்கரம் குறைந்த தூரம் ஓடினால் போதும். ஒரு சாதாரண காரில் இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் உள்ள இடைவெளி சுமார் 1.4 மீட்டர். அந்தக் கார் ஒரு 'யு-டர்ன்' அடித்தால், வெளிச்சக்கரம் உள்சக்கரத்தை விட சுமார் 4½ மீட்டர் கூடுதலாக ஓடியிருக்கும்! வட்டம் பெரிதானாலும் சிறிதானாலும் கணக்கு அதுதான்.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், காரின் எடை வெளிப்பக்கச் சக்கரத்தின் மீது அதிகமாகச் சாய்கிறது. பஸ்சில் நின்று கொண்டு போகிறவர்களுக்கு இது தெரியும். பஸ் இடது பக்கம் திரும்பினால் கூட்டம் முழுவதும் வலது பக்கம் சாயும். அதே மாதிரிதான். நேராகப் போகும்போது சும்மா கிடந்த தேய்மானம், எடை ஏறியதும் கத்துகிறது.

"சத்தம் வருது" என்றால் போதாது

பட்டறைக்குப் போய் "சத்தம் வருது, பாருங்க" என்று மொட்டையாகச் சொல்லிவிட்டு சாவியைக் கொடுப்பவர்கள்தான் அதிகம். ஏமாறுவதும் அவர்கள்தான். மெக்கானிக் நல்லவராகவே இருந்தாலும், எங்கே தேடுவது என்று தெரியாமல் ஒவ்வொரு சாமானாக மாற்றிப் பார்ப்பார். மாற்றிய சாமானுக்கு எல்லாம் பில் உண்டு. கடைசியில் சத்தம் மட்டும் அப்படியே இருக்கும்.

சத்தம் எந்தப் பக்கம் திருப்பினால் வருகிறது? ஆக்சிலேட்டரை மிதித்தால் கூடுகிறதா? மெதுவாகப் போகும்போது வருகிறதா, வேகத்தில் வருகிறதா? கார் நிற்கும்போது ஸ்டீயரிங்கை மட்டும் சுற்றினாலும் வருகிறதா? பிரேக்கைத் தொட்டால் மாறுகிறதா? இதைத் தெரிந்து கொண்டு போனாலே பாதி வேலை முடிந்து விடும்.

இதற்கு ஒரு காலி மைதானம் போதும். ஆள் நடமாட்டம் இல்லாத இடமாகப் பார்த்து, ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்து, மெதுவாக இடது பக்கம் இரண்டு வட்டம், வலது பக்கம் இரண்டு வட்டம் அடிக்க வேண்டும். கண்ணாடியை இறக்கி விட வேண்டும். ரேடியோவை நிறுத்த வேண்டும். பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்து சத்தம் எந்த மூலையில் இருந்து வருகிறது என்று கவனித்தால் இன்னும் நல்லது.

'டக்-டக்-டக்' என்றால்...

ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்து, ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது முன்சக்கரத்தில் இருந்து 'டக்-டக்-டக்' என்று வரிசையாகச் சத்தம் வந்தால், அது 'சி.வி. ஜாயிண்ட்'. வேகம் கூடினால் 'டக்-டக்'கும் வேகமாகும். நாள் பட்டால் 'டக்-டக்' போய் 'நற-நற' என்று அரைக்க ஆரம்பிக்கும்.

பழைய அம்பாசடர் காரில் இந்தத் தொல்லை கிடையாது. அதில் முன்சக்கரம் திரும்ப மட்டும்தான் செய்யும். காரைத் தள்ளுவது பின்சக்கரம். 1983-ம் ஆண்டு டிசம்பரில் மாருதி 800 வந்தது. அதில் முன்சக்கரமே காரை இழுக்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். இப்போது ஓடுகிற சின்ன கார்களில் மிகப் பெரும்பாலானவை இந்த ரகம்தான். (அம்பாசடர், மாருதி 800 இரண்டுமே 2014-ம் ஆண்டோடு தயாரிப்பு நின்று விட்டன.)

இழுக்கிற இரும்புக் கம்பி நேராக இருக்கும். சக்கரமோ வளைந்து நிற்கும். வளைந்த நிலையிலும் சக்கரம் ஒரே சீராகச் சுற்ற வேண்டும். இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் ஆல்பிரட் ஷெப்பா என்ற என்ஜினீயர். 1920-களிலேயே அமெரிக்காவில் இதற்குக் காப்புரிமை கேட்டு மனு போட்டார். ஒரு கிண்ணம், அதற்குள் ஒரு குமிழ், நடுவே பள்ளத்தில் ஓடும் ஆறு இரும்புக் குண்டுகள். இவ்வளவுதான். 1959-ல் இங்கிலாந்தில் வந்த 'மினி' கார் இந்த மாதிரி ஜாயிண்டைப் போட்டுக் கொண்டுதான் ஓடியது. இன்றைக்கும் அடிப்படை மாறவில்லை.

அந்த ஆறு குண்டுகளுக்கும் உயிர், கிரீஸ். கிரீசைக் காப்பது ஒரு ரப்பர் உறை. பட்டறையில் 'பூட்' என்பார்கள். மடிப்பு மடிப்பாக ஆர்மோனியப் பெட்டி மாதிரி இருக்கும். அது கிழிந்தால் கிரீஸ் வெளியே தெறிக்கும். மண்ணும் தண்ணீரும் உள்ளே போகும். கிரீசோடு மணல் கலந்தால் அது உப்புத்தாள் மாதிரி. இரும்பையே அரைத்து விடும்.

ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் ஒடித்து வைத்துவிட்டு, டார்ச் லைட்டோடு குனிந்து பார்த்தால் பூட் கண்ணுக்குத் தெரியும். சக்கரத்தின் உள்பக்கம் கருப்பாக கிரீஸ் தெறித்துக் கிடந்தால் பூட் கிழிந்து விட்டது. சத்தம் வரும் முன்பே பார்த்து விட்டால், பூட்டையும் கிரீசையும் மாற்றினால் போதும். சில நூறு ரூபாயில் இருந்து ஆகும் செலவு. சத்தம் வந்த பிறகு பூட் மாற்றிப் பலன் இல்லை. ஜாயிண்டையோ, முழு ஆக்சிலையோதான் மாற்ற வேண்டும். அது ஆயிரக்கணக்கில் போகும்.

இடது பக்கம் திருப்பும்போது சத்தம் அதிகமானால் பெரும்பாலும் வலது ஜாயிண்டில் கோளாறு என்பார்கள். அதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. பூட்டைக் கண்ணால் பார்த்து விடுவதுதான் சரி.

பழைய கார் வாங்குவோர் கவனம்!

இதில் ஒரு தில்லுமுல்லு உண்டு. பழைய கார் விற்கும் சில ஆசாமிகள், தேய்ந்து போன ஜாயிண்டில் புது கிரீசை அடைத்து, புது பூட்டை மாட்டி விடுவார்கள். சில நாளைக்குச் சத்தம் அடங்கிக் கிடக்கும். காரை வாங்கியவர் வீட்டுக்குப் போன பிறகு 'டக்-டக்' ஆரம்பிக்கும்!

கார் முழுவதும் தூசி. ஆனால் ஒரே ஒரு பூட் மட்டும் புத்தம் புதுசாகப் பளபளக்கிறது. அப்படி இருந்தால் "ஏன் மாற்றினீர்கள்?" என்று கேட்க வேண்டும். மைதானத்தில் வட்டம் அடித்துப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

'ஹூம்ம்ம்' என்று முனகினால்...

இது வேறு ரகம். கார் வேகம் பிடித்ததும், தூரத்தில் விமானம் போவது போல ஒரு முனகல். ஆக்சிலேட்டரை விட்டாலும் நிற்காது. நியூட்ரலில் உருண்டாலும் நிற்காது. ரோடு லேசாக வளையும்போது முனகல் கூடும், அல்லது குறையும். இது வீல் பேரிங்.

இடது பக்கம் வளையும்போது சத்தம் கூடினால் வலது சக்கரத்தின் பேரிங்கைச் சந்தேகப்பட வேண்டும். எடை அந்தப் பக்கம்தானே சாய்கிறது? வலது பக்கம் வளையும்போது கூடினால் இடது பேரிங்.

டயர் ஏற்ற இறக்கமாகத் தேய்ந்திருந்தாலும் கிட்டத்தட்ட இதே முனகல் வரும். முன் டயரைப் பின்னாலும், பின் டயரை முன்னாலும் மாற்றிப் போட்டுப் பார்த்தால் தெரிந்து விடும். சத்தம் இடம் மாறினால் டயர். மாறாவிட்டால் பேரிங்.

விழுப்புரம் மாவட்டத்துக்காரர்கள் இதைக் கொஞ்சம் கூடுதலாகவே கவனிக்க வேண்டும். காரணம் வெள்ளம்.

2024-ம் ஆண்டு நவம்பர் 30-ந்தேதி இரவு 'பெஞ்சல்' புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. திண்டிவனம் பக்கத்தில் உள்ள மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. அடுத்தடுத்த நாளில் தென்பெண்ணை ஆறு பொங்கி, அரசூர் அருகே தேசிய நெடுஞ்சாலை மீதே தண்ணீர் ஓடியது. போக்குவரத்து நின்றது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே ரெயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் ரெயில்களும் நின்றன. தெருவில் நின்ற கார்கள் சக்கரம் முங்கி நின்றன.

தண்ணீர் வடிந்ததும் எல்லோரும் என்ஜினைப் பார்த்தார்கள். சீட்டைக் காய வைத்தார்கள். சக்கரத்தை யார் பார்த்தார்கள்?

ஓடிய சூட்டில் இருக்கும் பேரிங் திடீர் என்று தண்ணீரில் முங்கினால், உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கும். ஓரத்தில் உள்ள 'சீல்' வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துக் கொள்ளும். கிரீஸ் மோர் மாதிரி நீர்த்துப் போகும். குண்டுகள் ஓடும் பாதையில் துரு பிடித்துப் பள்ளம் விழும். அன்றைக்கே சத்தம் வராது. சில வாரம் கழித்தோ, சில மாதம் கழித்தோதான் முனகும். அப்போது வெள்ளத்தை எல்லோரும் மறந்திருப்பார்கள்.

மரக்காணம் உப்பளப் பக்கம் தினமும் ஓடும் வண்டிகளுக்கும் இந்த உபத்திரவம் உண்டு. உப்புக் காற்று இரும்புக்கு ஆகாது.

முனகும் பேரிங்கோடு "இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம்" என்று நினைப்பது தப்பு. பேரிங் தளர்ந்தால் சக்கரம் ஆடும். சூடு ஏறும். கடைசியில் சக்கரம் இறுகிக் கொள்ளும், அல்லது கழன்று கொள்ளும். நாலுவழிச் சாலையில் 80 கி.மீ. வேகத்தில் அது நடந்தால், கார் முண்டியம்பாக்கத்தில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி வழியாகப் போகாது; காரில் இருந்தவர்கள்தான் போவார்கள்.

புது கார்களில் ஒரு தடயம் கூடுதலாகக் கிடைக்கும். பேரிங் ஆடினால் அதன் பக்கத்தில் உள்ள சென்சார் குழம்பி, டேஷ்போர்டில் 'ஏ.பி.எஸ்.' விளக்கு எரியலாம். அந்த விளக்கும் முனகலும் சேர்ந்து வந்தால் தள்ளிப் போடக் கூடாது.

டீக்காசு கோளாறு

'கிறீச்... கர்ர்ர்...' என்று தகரத்தை ரோட்டில் இழுப்பது போல சத்தம் வந்தால் பலர் பயந்து போய் காரை ஓரம் கட்டி விடுவார்கள். கேட்கத்தான் பயங்கரம். பல நேரம் விஷயம் ஒன்றும் இருக்காது!

பிரேக் டிஸ்குக்குப் பின்னால் மெல்லிய தகடு ஒன்று இருக்கிறது. தூசியைத் தடுக்கும் தகடு. அதற்கும் டிஸ்குக்கும் இடையே ஒரு சின்னக் கல் புகுந்து கொண்டால் போதும், தெருவே திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தம் வரும். வானூர், திருவக்கரை பக்கம் கல் குவாரிகள் நிறைய. ஜல்லி லாரிகள் சிந்திக் கொண்டே போகும். அந்த ரோட்டில் ஓடும் கார்களுக்கு இது சகஜம்.

மெதுவாக ரிவர்சில் நாலைந்து முறை முன்னும் பின்னும் உருட்டினால் கல் தானாக விழுந்து விடலாம். விழாவிட்டால் சக்கரத்தைக் கழற்றி, தகட்டை லேசாக நெம்பினால் விழும். சில நேரம் கல்லே இருக்காது. பள்ளத்தில் இறங்கியதில் தகடு வளைந்து டிஸ்கைத் தொட்டிருக்கும். கையாலேயே நிமிர்த்தி விடலாம். இதற்குப் போய் டிஸ்க், பேட், பேரிங் என்று நீளமாக பில் வந்தால் உஷார்!

ஆனால் பிரேக் பிடிக்கும்போது 'கர்ர்' என்று அரைத்தால் அது கல் அல்ல. பேட் முழுவதும் தேய்ந்து இரும்பும் இரும்பும் உரசுகிறது. உடனே மாற்றியாக வேண்டும்.

டயர் அளவை மாற்றிப் பெரிதாகப் போட்டவர்களுக்கு, முழுவதும் ஒடிக்கும்போது டயர் உள் மட்கார்டில் உரசும். டயரின் ஓரத்தில் பளபளப்பான கோடு விழுந்திருக்கும். அது பேராசைக்குக் கிடைத்த சத்தம். கம்பெனி சொன்ன அளவுக்குத் திரும்பிப் போவதுதான் வைத்தியம்.

கார் நிற்கும்போதே ஸ்டீயரிங்கைச் சுற்றினால் 'ஊ...' என்று அழுதால், ஆயிலில் ஓடும் பவர் ஸ்டீயரிங்கில் ஆயில் குறைந்திருக்கும். இப்போது வரும் பல கார்களில் கரண்ட் மோட்டார்தான். அதில் ஆயிலே கிடையாது. "ஸ்டீயரிங் ஆயில் மாத்தணும் சார்" என்று யாராவது சொன்னால், முதலில் இந்தக் காரில் ஆயில் இருக்கிறதா என்று கேட்பது நல்லது.

ஸ்டீயரிங்கைச் சுற்றும்போது பானட்டின் இரண்டு மூலையில் 'கட-முட' என்று ஸ்பிரிங் சுருண்டு விடுவது போலக் கேட்டால், ஷாக் அப்சார்பரின் தலையில் உள்ள பேரிங் போய் விட்டது. பின்சக்கரம் தள்ளும் வண்டியில், திரும்பும்போது மட்டும் பின்னால் நறநறத்தால் டிபரன்ஷியல். ஆயில் அளவை முதலில் பார்க்க வேண்டும்.

இதுதான் ஆபத்து

பால் ஜாயிண்ட், டை ராடு. இந்த இரண்டும்தான் சக்கரத்தைப் பிடித்துக் கொண்டு, டிரைவர் சொல்கிற பக்கம் திருப்புகின்றன. ஒன்று கழன்றால் ஸ்டீயரிங் கையில் இருக்கும். சக்கரம் அதன் இஷ்டத்துக்குப் போகும்.

திருப்பும்போது 'கிறீச்' என்றோ, பள்ளத்தில் இறங்கும்போது 'டொக்' என்றோ சத்தம் வந்தால் சோதித்து விட வேண்டும். சோதனை இதுதான்:

காரை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு வைத்து நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் தலையை விடவே கூடாது. ஜாக்கி நழுவி நசுங்கிச் செத்தவர்கள் உண்டு. பிறகு சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்ட வேண்டும். ஆடினால், ஒருவரை உள்ளே உட்கார வைத்து பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்ட வேண்டும். ஆட்டம் நின்று விட்டால் பேரிங். பிரேக் மிதித்தும் ஆடினால் பால் ஜாயிண்ட் பக்கம் கோளாறு. இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால் டை ராடு.

இது பழைய காருக்கு மட்டும் வரும் வியாதி என்று நினைக்க வேண்டாம். 2023-ம் ஆண்டு ஜூலையில் மாருதி சுசுகி கம்பெனி 87,599 கார்களைத் திரும்ப அழைத்தது. எஸ்-பிரஸ்ஸோ, ஈகோ ரகங்கள். 2021 ஜூலை 5-ந்தேதி முதல் 2023 பிப்ரவரி 15-ந்தேதி வரை தயாரானவை. ஸ்டீயரிங் டை ராடில் ஒரு பாகம் அரிதாக உடையக் கூடும், அப்படி உடைந்தால் காரைத் திருப்புவது பாதிக்கும் என்பதுதான் காரணம். கம்பெனியே இலவசமாக மாற்றிக் கொடுப்பதாக அறிவித்தது. அந்த மாதங்களில் தயாரான இந்த ரக காரை இரண்டாவது கையாக வாங்கியவர்கள், சேசிஸ் நம்பரைச் சொல்லி, அந்த வேலை முடிந்திருக்கிறதா என்று கம்பெனி சர்வீஸ் நிலையத்தில் கேட்டுக் கொள்ளலாம். குறைபாடு உள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி உத்தரவிட மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 2019-ம் ஆண்டு இடம் சேர்த்திருக்கிறார்கள்.

பட்டறையில்...

வீல் பேரிங்கை பிரஸ் மிஷினில் வைத்து அழுத்தித்தான் ஏற்ற வேண்டும். சுத்தியலால் 'டமார் டமார்' என்று அடித்து ஏற்றினால், புது பேரிங்கின் குண்டு ஓடும் பாதையில் அங்கேயே பள்ளம் விழும். சில மாதத்தில் பழைய முனகல் திரும்ப வரும். "கம்பெனி பேரிங்தானே போட்டோம்?" என்று கடைக்காரரோடு சண்டை போட்டுப் பயன் இல்லை. பட்டறையில் பிரஸ் இல்லாவிட்டால், லேத் கடையில் கொடுத்து ஏற்றி வாங்கி வருவார்கள். அப்படிச் செய்யும் பட்டறையை நம்பலாம்.

டை ராடு, பால் ஜாயிண்ட் மாற்றினால் அன்றைக்கே வீல் அலைன்மெண்ட் பார்த்து விட வேண்டும். பார்க்காவிட்டால் டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்து, அதுவே அடுத்த சத்தத்துக்கு வழி செய்யும்.

வேலை முடிந்து பில் கொடுக்கும்போது, கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். பழைய பேரிங்கை விரலில் மாட்டிச் சுற்றினாலே தெரியும். நல்ல பேரிங் வெண்ணெய் மாதிரி வழுக்கிக் கொண்டு சுற்றும். கெட்ட பேரிங் மணலை மெல்லுவது போல விரலில் உறுத்தும். அப்படி உறுத்தினால் கொடுத்த காசு சரி. வழுக்கிக் கொண்டு சுற்றினால், காரை ஒரு வட்டம் அடித்து, சத்தம் உண்மையிலேயே நின்று விட்டதா என்று பார்த்த பிறகு பணத்தைக் கொடுக்கலாம்.